பங்காளி மச்சான்

ஃப்ரிட்ஜ் கதவின் ஓரம் முழுக்க ஒரு ரப்பர் ஓடுகிறது. அது கிழிந்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியும். குளிர் வெளியே கசியும், மோட்டார் மூச்சு வாங்க நேரமில்லாமல் ஓடும், உள்ளே வைத்ததெல்லாம் கெட்டுப்போகும். அந்த ரப்பரைச் செய்து விற்பதுதான் அவளுடைய கணவனின் தொழில். வீட்டை ஒட்டிய கார் ஷெட், ஒரு மேசை, சுவரில் சாய்த்த பழைய கதவுகள், எட்டு ரப்பர்ச் சுருள்கள். அவ்வளவுதான் கம்பெனி.

செய்முறை கேட்பதற்கு எளிது. பட்டையை நான்கு துண்டாக வெட்ட வேண்டும். முனைகளைச் சாய்வாக வெட்டினால்தான் இரண்டும் சேரும்போது சரியான மூலை அமையும். உள்ளே காந்தத்தைச் செருகி, இரு முனைகளையும் சூடான தகட்டில் அழுத்தி, உருகியதும் எடுத்து ஒன்றோடொன்று ஒட்டி, இருபது எண்ணும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். சூடு குறைந்தால், கதவை நாலு தடவை ஓங்கிச் சாத்தியதும் ஒட்டு பிளந்துவிடும். கூடினால் ரப்பர் கருகி நொறுங்கும். கணவனுக்கு எப்போதும் இந்த இரண்டில் ஒன்றுதான் வாய்த்தது.

சோதிப்பது அவள் வேலை. ரப்பரைக் கதவில் மாட்டி, மூலையில் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்திவிட்டு இழுப்பாள். காகிதம் வராமல் முரண்டு பிடித்தால் நல்ல ஒட்டு. வழுக்கிக்கொண்டு வந்தால் குப்பை. அந்த வருடம் காகிதம் வழுக்கிக்கொண்டேதான் இருந்தது.

ஆள் தேடினார்கள். கைப்பழக்கம் உள்ளவர்கள் எல்லோரும் மாதச் சம்பளம் கேட்டார்கள், அதிலும் ஒரு மாதம் முன்பணம். ஒருவர் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முதலில் ஃபேன் போடுங்கள், அப்புறம் ஆள் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் அவளுக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. ஒரு பெரிய கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் இதே மூலைகளை ஒட்டியவர். கம்பெனி மூடியதும் கையிருப்பைக் கரைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். கிடங்கு ஒன்றில் வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்; அந்த வாரமே பதில் சொல்ல வேண்டும். அவள் நேரில் போய் அதை வேண்டாம் என்று சொல்ல வைத்தாள். இப்போதைக்குச் சம்பளம் கிடையாது, மருத்துவமனைகளுக்குக் குளிர்பெட்டி செய்யும் பெரிய கம்பெனியின் ஆர்டர் மட்டும் வந்துவிட்டால் தொழிலில் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு என்றாள். அண்ணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் இருக்கேன்லண்ணே. எழுதி வாங்கணுமா என்ன?"

"உன்கிட்டப் போய் எழுதி வாங்குவேனா பாப்பா," என்றார் அண்ணன்.

வந்த முதல் நாளே, உடைந்த பெஞ்சின் காலை அறுத்து ஒரு அச்சுக்கட்டை செய்தார். அதன் சாய்ந்த பள்ளத்தில் பட்டையை வைத்துக் கத்தியை இறக்கினால், கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாலும் சாய்வு பிசகாது. தகட்டின் சூட்டுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். துணுக்கு ரப்பரை அதன்மேல் போட்டு, அது நெளிவதற்குள் எத்தனை எண்ண முடிகிறது என்று பார்ப்பார். மூன்று என்றால் ஒட்டலாம். இரண்டிலேயே நெளிந்தால் தகடு ஆற வேண்டும். காகிதம் வழுக்குவது நின்றது.

கணவனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "இவர்தான் நம்ம பங்காளி" என்று அறிமுகம் செய்தான். பார்ட்னர் என்று சொன்னால் ஒட்டாமல் இருக்கிறதாம், பங்காளி என்றால்தான் நெருக்கமாம். ஒவ்வொரு முறையும் அண்ணன் வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு வணக்கம் சொல்வார். இப்படிப் பதினோரு மாதம். மூன்றாவது மாதம் அண்ணி வளையலை விற்றாள். ஏழாவது மாதம், ஆர்டர் எப்போது வரும் என்று கேட்பதையும் நிறுத்தினாள்.

ஆர்டர் வந்தது. கையெழுத்துக்கு அந்தக் கம்பெனி மேனேஜர் வருகிற அன்று காலையில், மச்சான் பெயரையும் போடவா என்று கணவன் கேட்டான். அவள் தோசைக்கல்லைத் தேய்ப்பதுபோல் அந்தத் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உங்க இஷ்டம் என்றாள்.

மேனேஜர் படிவத்தைப் புரட்டிவிட்டு, பங்குதாரர்கள் யார் யார் என்று கேட்டார். இவரைத்தானே போனதடவை பங்காளி என்றீர்கள் என்று அண்ணனைக் காட்டினார்.

"இவரா?" கணவன் சிரித்தான். "என் பொண்டாட்டியோட அண்ணன் சார். மச்சான் எப்படி சார் பங்காளி ஆவாரு? முறையே மாறிப்போயிடுமே."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். விஷயம் அப்படித்தானே. பங்காளி என்றால் அப்பா வழியில் வந்தவன், பிறப்பாலேயே சொத்தில் பங்கு கேட்கக்கூடியவன். மச்சான் பெண்ணைக் கொடுத்தவன்; அவனுக்குப் பந்தியில் முதல் இலை உண்டு, பங்கு கிடையாது. கணவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எல்லோரும் சிரிக்கும்போது தான் மட்டும் சும்மா இருக்கக் கூடாது என்று அண்ணனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தங்கையைப் பார்த்தார். அவள் டீத் தட்டோடு நின்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலை கணவன் அவருக்கு ஒரு சட்டைத் துணி கொடுத்தான். வேலையை விட்டுக் கிளம்பிய அவர் அச்சுக்கட்டையை எடுத்துப் பைக்குள் வைக்கப்போனபோது, "அது நம்ம பெஞ்சுக் கால்தானே மச்சான், இங்கயே இருக்கட்டும்," என்றான். அவர் கட்டையைத் திரும்ப மேசையில் வைத்தார், முன்பு இருந்த அதே இடத்தில், அதே கோணத்தில்.

மறுநாள் வெளியாள் ஒருவர் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன் வயதுதான் இருக்கும். ஒரு மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கேட்டார். கணவன் உடனே எடுத்து நீட்டினான். ஏங்க, கேட்டதும் கொடுத்துட்டீங்களே என்றாள் அவள். வெளியாளுக்குக் கொடுக்காமல் எப்படி வேலை வாங்குவது என்று அவன் அவளுக்குப் பொறுமையாக விளக்கினான்.

முதல் மூன்று நாளும் காகிதம் வழுக்கியது. நான்காம் நாள், உன் அண்ணனை அரை நாள் வந்துவிட்டுப் போகச் சொல் என்றான். அவள் போன் செய்தாள். வர மாட்டார் என்று நினைத்தாள். வர வேண்டாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தாள்.

அவர் வந்தார், அந்தத் துணியில் தைத்த சட்டையோடு. தகட்டில் துணுக்கைப் போட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்த ஆளுக்கு எண்ணிக் காட்டினார். முனைகளை எடுக்கும் விதத்தையும், எடுத்த கை நடுங்காமலிருக்க முழங்கையை மேசையில் ஊன்றும் விதத்தையும் காட்டினார். அவருடைய அச்சுக்கட்டை நடுவில் கிடந்தது.

"நல்லா சொல்லித் தர்றீங்க," என்றார் வெளியாள். "உங்களுக்கு இங்க மாசம் எவ்வளவு குடுக்குறாங்க?"

"நான் சம்பளத்துக்கு வர்றவன் இல்லீங்க. சொந்தக்காரன்."

வெளியாள் சட்டென்று ஸ்டூலை விட்டு எழுந்தார். "ஓனருங்களா? தெரியாமக் கேட்டுட்டேன் சார், தப்பா நினைச்சுக்காதீங்க."

மேசைக்குப் பின்னாலிருந்து கணவன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அண்ணன் அந்த ஆளை உட்காரச் சொன்னார், ஒட்டிய ரப்பரைத் தங்கையிடம் நீட்டினார். அவள் அதைக் கதவில் மாட்டி, காகிதத்தை வைத்துச் சாத்தி இழுத்தாள். வரவில்லை. இன்னொரு முறை, வேண்டுமென்றே பலமாக இழுத்தாள். காகிதம்தான் கிழிந்தது.

"சரியா இருக்குண்ணே," என்றாள்.