மத்தியானப் படகு

மொட்டை மாடியில் சோலார் பலகைகள் ஏறிய பிறகுதான் அவளுக்கு மத்தியானத் தூக்கம் என்று ஒன்று வாய்த்தது. சும்மா சொல்லக் கூடாது, அது என்ன தூக்கம்! ஆஸ்பத்திரி லேபில் விடிவதற்கு முன்பே போய் நின்று, பாதி ஊரின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துவிட்டு வருகிறவள் அவள். வந்து, சாப்பிட்டு, ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தால், சமையலறைக்குப் பின்னால் சலவை மெஷின் மெல்ல உறுமத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் படகு மோட்டாராகிவிடும். கட்டில் கரையை விட்டு நழுவும். அகலமான தண்ணீர், ஆள் அரவமில்லை, அவசரமில்லை. விரல்கள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டே போகும்.

மெஷினைப் போட்டது யார் என்கிறீர்களா? அவள் வீட்டுக்காரர்தான்.

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட்டதில்லை மனிதர். பலகை மாட்ட வந்தவர்கள், வெயில் இருக்கும்போதே கரண்டைச் செலவழித்துக்கொள்ளுங்கள், மிச்சமெல்லாம் தெருக்கம்பிக்குப் போய்விடும் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்கள். டைம்கீப்பருக்குப் பொறுக்குமா? ஒரு பஸ் காலியாகப் போனாலே சோறு இறங்காதவர் ஆயிற்றே. மறுநாளே சூரியனுக்கு டியூட்டி போட்டுவிட்டார். உச்சி வெயிலில் சலவை, அது முடிந்ததும் இஸ்திரி, அப்புறம் தண்ணீர் மோட்டார். மனைவியோ தூங்குகிறாள், வெயிலோ காத்திருக்காது. வேறு வழியில்லாமல் அவரே செய்தார். வெளியூரில் இருக்கும் மகள் ஃபோனில் இதைக் கேட்டுவிட்டு, அப்பாவுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொன்னாள். மேகம் மூடிய நாட்களில் மட்டும் அவர் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு வேலை பூராவும் அவள் தலையில்தான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வீட்டுக்குள் பேட்டரிக்காரர் வந்து உட்கார்ந்தார். சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு பெட்டியை மாட்டினால் போதும், பகல் வெயிலைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்றார். ராத்திரி கரண்ட் போனாலும் ஃபேன் நிற்காதாம். துணி துவைக்க இனிமேல் உச்சி வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமாம்.

"எப்ப வேணா செஞ்சுக்கலாம்மா" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த 'எப்ப வேணா'வை அவள் மனசுக்குள் பிரித்துப் பார்த்தாள். எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். இந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் என்றால் அது அவள்தான், வேறு யார்?

பெட்டி சூடாகும், சுவர் பாழாகும், பின்னால் பல்லி குடியேறும் என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். வீட்டுக்காரரோ பெட்டி வேண்டும் என்றே நின்று, ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இவ்வளவு பிடிவாதமாக அவர் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை.

மறுநாள் மத்தியானம் படகில் அந்தப் பெட்டியும் ஏறி உட்கார்ந்திருந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் தள்ளத் தள்ள அது நகரவே இல்லை. விழித்துப் பார்த்தால், எதிரே மேஜையில் அவளுடைய வெள்ளைக் கோட்டை விரித்துப் போட்டு இஸ்திரி தேய்த்துக்கொண்டிருந்தார் அவர். பாதித் தூக்கத்தில் இருந்ததாலோ என்னவோ, மனசில் இருந்தது அப்படியே வந்துவிட்டது.

"எனக்கு அந்தப் பெட்டி வேணாங்க. வெயில் வீணாப் போயிடுமேன்னுதான் நீங்க இதெல்லாம் செய்யறீங்க. அது வந்துட்டா எல்லாம் பழையபடி என் தலையில விழும். எனக்குத் தூங்கணும்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நீ தூங்கணும்னுதான் நானும் கேக்கறேன். ராத்திரி கரண்ட் போனா நீ வேர்த்து முழிச்சுக்குவியேன்னு அட்டையை வச்சு விசிறிக்கிட்டே உக்காந்திருக்கேன். இப்ப தோள்பட்டைய தூக்க முடியல."

அவளுக்குப் பகீரென்றது. ராத்திரிகளில் அவள் போவது வேறு படகு. அதற்கு மோட்டார் கிடையாது, காற்றுதான். நல்ல குளுகுளு காற்று, ஆனால் நடுநடுவே நின்று நின்று வரும். தண்ணீர் மேல் காற்று அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவர் கை மாற்றிக்கொண்ட நேரங்களா அவை?

"பைத்தியமா நீங்க? என்னை எழுப்பியிருந்தா என்னவாம்?"

"விடிஞ்சா ஊசி குத்தப் போறவ. கை நடுங்கினா என்ன பண்ணுவே?" என்று சொல்லிவிட்டு அவர் கோட்டின் காலரைத் தேய்க்கப் போனார்.

பேட்டரிக்காரருக்கு அவளே ஃபோன் செய்தாள். மத்தியான வேலையைப் பற்றி அதற்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. ராத்திரியெல்லாம் விசிறின மனிதரிடம் துணி துவைப்பீர்களா என்று எந்த வாயால் கேட்பது? போனால் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தேறவில்லை, அது வேறு விஷயம்.

பெட்டி வந்தது. ராத்திரி முழுக்க ஃபேன் ஒரே சீராகச் சுற்றியது. அவரும் பக்கத்தில் குறட்டை விட்டுத் தூங்கினார். முதல் சில நாள் நல்ல வெயில், அவரும் பழக்க தோஷத்தில் மெஷினைப் போட்டார். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு நாள் வானம் இருண்டு கிடந்தது. அவள் கட்டிலில் சாய்ந்தாள். கண்ணை மூடினாள், காதை மூட முடியவில்லை. படகு கரையில் கட்டிக் கிடந்தது. கூடத்தில் பேப்பர் புரளும் சத்தம். கூடையில் நிறைந்து கிடக்கும் அழுக்குத் துணி மூடிய கண்ணுக்குள் தெரிந்தது. சரி, எழுந்திருக்க வேண்டியதுதான் என்று போர்வையை விலக்கினாள்.

பேப்பர் சத்தம் நின்றது. காலடி வந்து வாசற்படியில் தயங்கியது.

"உன் கோட்டையும் இதோடயே போட்டுடவா?" என்று குசுகுசுவென்று கேட்டார்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை. "இன்னைக்குத்தான் வெயிலே இல்லையே."

"வெயில் கிடக்கட்டும், நீ தூங்கு."

மெஷின் மூடி டப்பென்று விழுந்தது. கொஞ்ச நேரம் தண்ணீர் விழும் சத்தம். பிறகு மோட்டார் பிடித்துக்கொண்டது.