முப்பதாவது கூடை

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு லோகப்பிரியா கோபியிலிருந்து வீடு திரும்பினாள். கையில், அச்சகத்தில் அடித்து வாங்கிய விலைச்சீட்டுக் கட்டு. முன்னறைக்குள் கால் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரோரம் அடுக்கி வைத்திருந்த வயர் கூடைகளின் வரிசை இளைத்துப் போயிருந்தது. எண்ணினாள், பதினெட்டு. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள், பரண்மேல் எட்டிப் பார்த்தாள், மறுபடியும் எண்ணினாள். பதினெட்டேதான். காலையில் அவள் கிளம்பும்போது முப்பது இருந்தன.

"அத்தை, கூடையெல்லாம் எங்கீங்க?"

மாமியார் மாரியாத்தாள் சோபாவில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். வெற்றிலை வாய், மலர்ந்த முகம்.

"நம்ம தெய்வா வந்திருந்தா அம்மணி. அவ மக மானசா கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கறக்கு. காரமடையில இருந்து அவ ஊட்டுக்குப் பக்கத்துலயே இருக்கற சம்பந்தி வளவே வேன் புடிச்சு வந்துருச்சு. தெய்வாவோட சேத்து பன்னண்டு பொம்பளைங்க. வந்த ஒறம்பரைய வெறுங்கையோட அனுப்பச் சொல்றயா? தேங்கா பழம் வெச்சு ஆளுக்கொரு கூடை குடுத்து உட்டேன். என்ன சந்தோசங்கிற அவங்களுக்கு!"

லோகப்பிரியாவுக்குக் காதில் குப்பென்று சூடு ஏறியது.

இருக்காதா பின்னே? சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோயமுத்தூரில் கைவினைச் சந்தை. அதில் அவளுக்கு ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். நாற்பத்தோரு வயதில் அவள் போடப்போகும் முதல் கடை. சந்தையை நடத்துகிற ஃபெமினா நல்ல பெண்தான், ஆனால் கறார். "முப்பது உருப்படிக்குக் குறைஞ்சா மேசை பாக்க நல்லா இருக்காதுங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குள்ள முப்பதையும் அடுக்கி ஒரே போட்டோவா அனுப்பிருங்க. வரலைன்னா காத்திருக்கறவங்களுக்கு மேசையக் குடுத்துருவேன், கோவிச்சுக்காதீங்க" என்று போனிலேயே சொல்லிவிட்டாள். ஒரு கூடை பின்ன முழுசாக இரண்டு நாள் ஆகும். ராட்சசியே வந்து உட்கார்ந்தாலும் ஒரு நாளில் பன்னிரண்டு பின்ன முடியாது.

இதெல்லாம் மாரியாத்தாளுக்குத் தெரியாமல் இல்லை. நாலு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "ஏழு ஏக்கரா வாழைய வெச்சுக்கிட்டு நம்மூட்டுப் பொம்பளை சந்தையில உக்காந்து கூடை விக்கறதா? குடுத்துத்தான் நமக்குப் பழக்கம். கேட்டு வந்தவங்களுக்கு இல்லைன்னு சொன்னவளே இல்ல நானு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தாள். உண்மைதான், சொன்னதே இல்லை. இருபது வருசமாக இந்த வீட்டிலிருந்து போன கூடைகளை அடுக்கினால் ஒரு லாரி நிறையும். புண்ணியமெல்லாம் மாரியாத்தாள் பேரில், விரல் நுனியில் ஒட்டிய பிளாஸ்திரியெல்லாம் லோகப்பிரியா பேரில். சொந்தக்காரர் வீடுகளில் அந்தக் கூடைகளைப் பார்க்கும்போது, "இது மாரியாத்தா குடுத்தது" என்றுதான் சொல்வார்கள். பின்னியது யார் என்று ஒரு நாக்கும் கேட்டதில்லை. ஒரே ஒரு தடவையாவது, தன் பேர் போட்ட சீட்டோடு தன் கூடை ஒரு மேசையில் உட்கார வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அதையும் தேங்காய் பழம் வைத்து அனுப்பிவிட்டாள் மாமியார்.

சாயந்திரம் தோட்டத்திலிருந்து வந்த கணவன் திருமூர்த்தி தலையைச் சொறிந்தான். "போச்சாது உடு புள்ளே. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

"அடுத்த மாசம் எந்த ஊட்டு வேன் வருமுங்க?"

"அதுக்காக?"

"நாளைக்குக் காரமடைக்குப் போயி வாங்கிட்டு வரப் போறேன்."

திருமூர்த்தி பதறிப்போனான். "உனக்கென்ன கிறுக்குப் புடிச்சிருச்சா? குடுத்ததத் திருப்பிக் கேக்கறதா? அடுத்த வாரம் தாய்மாமன் சீரெடுத்துக்கிட்டு அந்த வாசல்லதான் நான் போயி நிக்கோணும். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

"உங்க மூஞ்சிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. கேக்கறது நானு."

மறுநாள் காலை சோறாக்கி இறக்கி வைத்துவிட்டு, ஆம்னி வேன் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு அவளே கிளம்பினாள். திருமூர்த்தி வாசல் வரை வந்தான், ஆனால் வண்டியில் ஏறவில்லை. புளியம்பட்டி தாண்டும்வரை அவளுக்குக் கோபம் துணைக்கு இருந்தது. அதற்குப் பிறகு பயம் வந்து ஏறிக்கொண்டது. சிறுமுகையில் ஓரம் நிறுத்தி ஒரு டீ குடித்தாள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

காரமடையில் தெய்வாத்தாள் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டு முடித்திருந்தார்கள். பக்கத்து வளவில் வரிசையாகக் குடியிருக்கும் சம்பந்தி வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கூடத்தில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். திருமூர்த்தியின் அக்கா தெய்வாத்தாள் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "வா லோகா, சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கற! காப்பி குடி."

காப்பி குடிக்காமல் சண்டை போட அந்தச் சீமையில் யாருக்கும் வராது. லோகப்பிரியா குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, எல்லாரும் தப்பா நெனைக்கோணும்னாலும் நெனச்சுக்குங்க. நேத்து எங்கத்தை உங்களுக்கெல்லாம் குடுத்த கூடை, நான் விக்கறதுக்குப் பின்னி வெச்சதுங்க. அது எனக்குத் திருப்பி வேணுமுங்க."

பலகாரத் தட்டுகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கின.

"குடுத்துப்போட்டுக் கேக்கறதா?" என்றாள் ஒருத்தி.

"நான் குடுக்கலீங்க. குடுத்தவங்களுது இல்லீங்க அது."

"அட கெரகமே! வெள்ளிக்கெழமையும் அதுவுமா, கல்யாண ஊட்டுல வந்து நின்னுக்கிட்டு இது என்ன பேச்சு?" என்றாள் இன்னொருத்தி.

"வெள்ளிக்கெழமை சாயந்திரந்தானுங்க எனக்குக் கெடு. நாளைக்கு மேசையில முப்பது இருக்கோணும். உங்க கூடத்துல பன்னண்டு இருக்குது. நான் எங்க போவேன்?"

மூக்குத்தி போட்ட ஒருத்தி சமாதானமாக, "சரி உடு, நாங்களே வெல குடுத்துடறோம். எத்தனைன்னு சொல்லு" என்றாள்.

"வெல எனக்கு இப்ப வேண்டாமுங்க, கூடைதான் வேணும். வாங்கோணும்னா நாளைக்குக் கோயமுத்தூருக்கு வாங்க. மேசைக்குப் பின்னால நான்தான் நிப்பேன்."

தெய்வாத்தாளின் முகம் சுண்டிப்போனது. சம்பந்தி வீட்டார் முன்னால் இப்படி ஒரு அசிங்கம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "லோகா, வெளிய வா" என்றாள். லோகப்பிரியா வரவில்லை. கூடத்து நடுவிலேயே நின்றாள்.

கடைசியில் மூக்குத்திக்காரிதான் முதலில் எழுந்தாள். "அப்ப பின்னுனது இவதானா? மாரியாத்தாக்கா என்னமோ தானே பின்னுனாப்பல சொல்லிச்சு" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போய்க் கூடையை எடுத்துவந்தாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். எல்லோருக்கும் கோபம்தான். ஆனாலும் வெறுங்கூடையாகத் திருப்பிக் கொடுக்க அந்த வளவில் ஒருத்திக்கும் கை வரவில்லை. ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டே இரண்டு தேங்காயைப் போட்டாள். இன்னொருத்தி, "ரோசங்கெட்டவ" என்று காதுபடச் சொன்னபடியே அரைப்படி நிலக்கடலையைக் கொட்டினாள். வெல்லம் வந்தது, மஞ்சள் வந்தது, ஒரு சீப்புக் கதலிப்பழம் வந்தது. லோகப்பிரியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. இரண்டையும் விழுங்கிக்கொண்டு வண்டியில் அடுக்கினாள்.

பதினொன்று. தெய்வாத்தாள் மட்டும் அசையவில்லை.

"எங்கம்மா எனக்குக் குடுத்தது. தர மாட்டேன்."

"வெச்சுக்குங்க நங்கையா" என்றாள் லோகப்பிரியா நாத்தனாரிடம். "ஆனா அதப் பாக்கறப்பல்லாம் பின்னுனவ யாருன்னு நெனச்சுக்குங்க."

ஐந்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தாள். முன்னறையில் எல்லாவற்றையும் அடுக்கினாள். இருபத்தொன்பது. ஒன்றே ஒன்று குறைகிறது. ஃபெமினாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சலாம். கெஞ்சுவதற்கு மனசு வரவில்லை. தலைவாசலில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தே முக்காலுக்குத் தெருவில் பேச்சுக்குரல் கேட்டது.

மாரியம்மன் கோயிலிலிருந்து மாரியாத்தாள் வந்துகொண்டிருந்தாள். கூடவே பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். தெய்வாத்தாள் போன் செய்து எல்லாம் சொல்லிவிட்டாள் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது.

"வந்துட்டயா மகராசி! ஊரு முன்னால என்ற மானத்த வாங்கிப்போட்டு வந்துட்டயா? இனி நம்மூட்டுப் பக்கம் எந்த ஒறம்பரை வருவாங்க?"

"வரட்டுங்க அத்தை. காப்பி குடுக்கலாம், சோறு போடலாம். நானே ஆக்கிப் போடறேன். கூடைய மட்டும் என்னைக் கேட்டுக் குடுங்க."

"உன்னையக் கேக்கோணுமா நானு?"

லோகப்பிரியா எழுந்து நின்றாள். அவள் கண் மாமியாரின் கைக்குப் போயிருந்தது. பச்சையும் அரக்கும் கலந்து சிவன்கண் பின்னல் போட்ட கூடை. போன தைப்பொங்கலுக்கு அவள் பின்னிக் கொடுத்தது, கோயிலுக்குத் தவிர வேறெதற்கும் எடுக்காதது, பளபளவென்று இருந்தது.

"அத்தை, ஒண்ணு கேக்கறேனுங்க."

"என்ன?"

"கேட்டவங்களுக்கு இல்லைன்னு சொன்னதே இல்லைம்பீங்கல்லங்க. இப்ப நான் கேக்கறேன். அந்தக் கூடையக் குடுங்க."

மாரியாத்தாள் கூடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். கூட வந்த இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருசமாக ஊருக்கெல்லாம் சொல்லி வளர்த்த பெருமை இப்போது வாசல்படியில் கையை நீட்டிக்கொண்டு நின்றது. இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கூடைக்குள் இருந்த பூவையும் தேங்காய் மூடியையும் திருநீற்றுப் பொட்டலத்தையும் முந்தானையில் கொட்டிக்கொண்டாள்.

"இந்தா. கொண்டுபோயி வித்துக்க."

லோகப்பிரியா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அந்த வீட்டில் வாய்விட்டுக் கேட்டு அவள் வாங்கிய முதல் பொருள் அது. துடைத்து, வரிசையின் நடுவில் வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஆறுக்கு எட்டு நிமிஷம் இருந்தது. ஃபெமினாவிடமிருந்து உடனே கட்டைவிரல் வந்தது.

அப்புறம் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கூடையாகச் சீட்டைக் கட்டினாள். மாரியாத்தாள் போகாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ற கூடைக்கு எத்தனைன்னு எழுதியிருக்கற?"

"எண்ணூறுங்க. மத்ததெல்லாம் அறநூறு."

"அதுக்கு மட்டும் எதுக்கு எரநூறு கூட?"

"உங்க கையில இருந்து வாங்குனதுங்க அத்தை. லேசுலயா கெடச்சுது?"