ஐந்தாம் படிக்கு முன் பதில் கூடாது

மருத்துவக் கல்வியின் வரலாற்றை இரண்டு யுகங்களாகத்தான் பிரிக்க வேண்டும்: மருந்தியல் பேராசிரியர் சுப்பராயலு சீமைக்குப் போவதற்கு முன், போய் வந்த பின். அவர் போனது ஆறு வாரம். அதில் இரண்டு வாரம் வயிறு சரியில்லாமல் அறையிலேயே படுத்துக் கிடந்தார். மிச்ச நாலு வாரத்தில் கற்று வந்ததுதான் பிரச்சினைவழிக் கற்றல்.

இனிமேல் ஆசிரியர் பாடம் சொல்ல மாட்டார். ஒரு நோயாளியின் கதையைத் தாளில் டைப் அடித்துக் கொடுப்பார். மாணவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஏழு படி ஏறி, மருந்தைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டும். ஐந்தாம் படிக்கு முன்னால் பதில் சொல்பவன் சிந்திக்காதவன், அவனுக்குப் பூஜ்யம். பாடம் சொல்லும் தொல்லை ஒழிந்ததில் பேராசிரியரின் உடம்பு நன்றாகத் தேறியது.

ஒரே குறை, ஐந்து வருஷமாக அதே தாள். 'ஐம்பது வயது விவசாயி, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார், எழுந்தால் தலை சுற்றுகிறது.' புதுமுறை வந்த முதல் வருஷத்துத் தணிகைவேல் என்ற புண்ணியவான், யார் எந்தக் கேள்வி கேட்பது, யார் மறுப்பது, எந்த இடத்தில் எல்லோரும் திகைத்து விழிப்பது என்பது வரைக்கும் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அது கைமாறிக் கைமாறி 1986-இல் ஹபீப் முகமதுவின் ஐந்து பேர் குழுவுக்கு வந்தது. சுயமாகச் சிந்திப்பதை அவர்கள் மூன்றே நாளில் நெட்டுருப் போட்டார்கள்.

ஹபீப் மருந்தியல் தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டடித்தவன். இந்த முறையும் போனால் ஜூனியர்களோடு உட்கார வேண்டும். அது கூடப் பரவாயில்லை. மதகடிப்பட்டில் அவன் அத்தா ஹாஜா மைதீன் தன் மருந்துக்கடைக்கு மேலே 'டாக்டர் ஹபீப் முகமது' என்று போர்டே மாட்டிவிட்டார். அடியில் பொடி எழுத்தில் 'விரைவில்'.

தேர்வு பாகூர்ப் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றில். டெல்லியிலிருந்து இரண்டு பெரியவர்கள் புதுமுறையைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் மெச்ச வேண்டுமென்று பேராசிரியர் தாளை எடுத்து வைத்துவிட்டு நிஜ நோயாளியையே கொண்டுவந்து உட்காரவைத்தார். மணப்பட்டு அம்சவள்ளி.

"எழுந்தா கிறுகிறுன்னு வருதுப்பா. கொதிப்புக்குப் பெரியாஸ்பத்திரில ஒரு மாத்திரை குடுத்தாங்க. அரியாங்குப்பத்து டாக்டரு ஒண்ணு குடுத்தாரு. ரெண்டையும் தவறாம போட்டுக்கறேன்" என்று முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு அட்டைகளை மேசைமேல் வைத்தாள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை.

ஹபீபுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டும் ஒரே மருந்து, கம்பெனிதான் வேறு. அத்தா கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆனால் இது முதல் படி. இப்போது சொன்னால் பூஜ்யம்.

நோட்டுப்படி குழுவின் முதல் ஆள் சாமிநாதன் தொடங்கினான். "ஏர் ஓட்டறப்ப தலை சுத்துதா?"

"நான் இன்னாத்துக்குப்பா ஏர் ஓட்டறேன்? மீன் விக்கறவ."

அடுத்தது ஹபீப். "ஒரு நாளைக்கு எத்தினி பீடி?"

அம்சவள்ளி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கம்மா எத்தினி பிடிக்கறாங்களோ, அத்தினி."

டெல்லிக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. நோயாளியும் கற்றலில் பங்கெடுக்கிறார் என்று பேராசிரியர் ஆங்கிலத்தில் விளக்க, அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

நாலாம் படியில், நோட்டில் உள்ளபடி, ஐந்து பேரும் திகைத்து விழித்துக்கொண்டிருந்தபோது, "பஸ்ஸு போயிடும்" என்று அவள் எழுந்தாள். எழுந்தவளுக்குத் தலை சுற்றியது. ஹபீப் ஓடிப்போய்த் தாங்கி வாசல்வரை கொண்டுவிட்டான்.

"ரெண்டும் ஒரே மருந்துதாம்மா," என்றான் காதோரமாக. "வெள்ளைய நிறுத்திடுங்க."

"இது உனுக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க மேசைமேல வச்சப்பவே."

"அப்ப இன்னாத்துக்குடா பீடிய கேட்ட?"



திரும்பினால் பேராசிரியர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். படி தாண்டியது தெரிந்துவிட்டதோ என்று ஹபீப் அவசரமாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். கடைசியாக மாணவர் கருத்துத் தாளைக் கொடுத்தார்கள். அதில் பேர் கிடையாது, பதிவெண் மட்டும். மாணவர்கள் மனம் திறந்து எழுத வேண்டுமாம். அதே தாளின் பின்பக்கத்தில்தான் பேராசிரியர் தேர்வு மார்க் போடுவார். ஐந்து வருஷமாக எல்லா மாணவர்களுடைய கருத்தும் 'மிகச் சிறப்பு' என்றிருந்ததில் வியப்பில்லை.

இந்த நேரத்தில் சொந்தமாக ஓர் எழுத்துக்கூட எழுதிவிடக் கூடாது என்று ஹபீப் முடிவு செய்தான். மடியில் நோட்டின் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டான். தணிகைவேல் அந்த வருஷம் எழுதிய கருத்தின் நகல் அதில் இருந்தது. 'இம்முறை எங்களைச் சுயமாகச் சிந்திக்கவைத்தது' என்பதில் ஆரம்பித்து, அடியில் இருந்த பதிவெண் வரை, ஒன்று விடாமல் பார்த்து எழுதினான்.

அறுபத்தெட்டு மார்க். அது தணிகைவேலுக்குப் போயிற்று. ஹபீப் முகமது தேர்வுக்கு வரவில்லை என்று பதிவானது.