கொம்பு பெரிதான பெயர்

மிஷின் ஷார்ஜாவிலிருந்து வந்தது. மச்சானும் கூடவே வந்தார்.

மச்சான் என்றால் என் அக்கா ஜாஹிராவின் கணவர், மஹபூப் பாஷா. அங்கே ஒரு கார் பாலிஷ் கடையில் வேலை பார்த்தவர். கடையை மூடிவிட்டார்கள். முதலாளி கடைசியாகக் கையில் கொடுத்த மிஷினை விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாக அக்கா சொன்னாள். தன்னை ஒரு நாளும் டவுன் பஸ்ஸில்கூட அவ்வளவு பத்திரமாகக் கூட்டிப் போனதில்லை என்றும் சேர்த்துச் சொன்னாள்.

அதன் பெயர் ஆர்பிட்டல் பாலிஷர். பார்வைக்குப் பிடி வைத்த பரங்கிக்காய். அடியில் ஒரு வட்டத் தட்டு, தட்டில் ஒட்டிக்கொள்ளும் ஸ்பாஞ்சு. தட்டு தன்னைத்தானே சுற்றும், சுற்றிக்கொண்டே தள்ளாடவும் செய்யும். பூமி மாதிரி என்று மச்சான் விளக்கினார். ஒயின்ஷாப் வாசலிலும் அப்படிச் சுற்றுகிறவர்கள் உண்டு என்றேன். அவர் சிரிக்கவில்லை. வெளிநாட்டில் ரொம்ப வருஷம் இருந்துவிட்டார்.

உத்திரமேரூரில் அப்போது கார்கள் குறைவு. இருந்தவற்றில் பாதி கல்யாணத்துக்கும், மீதி ஆஸ்பத்திரிக்கும் வாடகைக்குப் போகிறவை. இரண்டுக்குமே பளபளப்பு தேவைப்பட்டதில்லை. ஆனாலும் அப்பா தன் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த ஷெட்டை ஒழித்துக் கொடுத்தார். உதவிக்கு என்னையும் கொடுத்தார். நான் காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்து முடித்து, முடிக்காமல் இருந்தேன். ஒளியியல் தாள் மட்டும் பாக்கி.

பழகுவதற்குக் கார் இல்லாததால் ஒரு பழைய அம்பாசிடர் பானெட்டை மச்சான் எங்கிருந்தோ கொண்டுவந்து இரண்டு ஸ்டூல்மேல் படுக்கவைத்தார். ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு பாலிஷ் மருந்து வைத்தேன். மிஷினைத் தூக்கிப் பிடித்தபடியே சுவிட்சைப் போட்டேன். மருந்து என் சட்டை, அவர் தாடி, சுவரிலிருந்த காலண்டர் என்று பாரபட்சமில்லாமல் பரவியது.

"ஸ்பாஞ்ச மொதல்ல பெயிண்ட் மேல வெய்யி. அப்பறமா சுவிட்சு," என்றார் மச்சான், தாடியைத் துடைத்துக்கொண்டு. "உங்க காலேஜ்ல இன்னாதான் சொல்லித் தராங்க?"

"சுவிட்சு போட்டா லைட்டு எரியும்னு."

அடுத்ததாக அழுத்தினேன். எங்கள் ஊரில் எதையும் அழுத்தித் தேய்த்தால்தான் அழுக்குப் போகும். மச்சான் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டார். "இந்தக் கோடு சுத்துதான்னு பாரு. நீ அழுத்துனா சுத்தாது, சும்மா ஒதறிக்கினு நிக்கும். அது அம்மிக்கல்லு இல்லடா. அதும்பாட்டுக்கு வுடு."

பார்த்தேன். நான் அழுத்தினால் கோடு நின்றது, கையைத் தளர்த்தினால் சுற்றியது. மெதுவாக, ஒரு முழ அகலத்துக்கு, முதலில் நெடுக்கில், பிறகு குறுக்கில். துடைத்துப் பார்த்தால் பானெட்டுக்குள் ஷெட்டின் கூரை தெரிந்தது. அம்மா பதுருன்னிசா அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டாள். எங்கள் முதல் வாடிக்கையாளர் அவள்தான்.

பிறகொரு நாள் மச்சான் சொன்னதுதான் எனக்குப் பிடிக்காமல் போனது. "கீறல எவனாலயும் ரொப்ப முடியாதுடா. சுத்தி கீற பெயிண்ட, கீறலு ஆழத்துக்குத் தேய்ச்சு எறக்கறோம். அவ்ளோதான் பாலிஷு."

இரண்டாவது வாடிக்கையாளர் சாலவாக்கம் பச்சமுத்து. ஏரிப் பாசனத்தில் நெல் வைக்கிறவர், சிவப்பு மாருதி வைத்திருந்தார். சிவப்பு என்பது ஆர்.சி. புத்தகத்தின்படி. வெயிலில் நின்று நின்று, அடித்துத் துவைத்த சேலை நிறத்துக்கு வந்திருந்தது. வண்டியை ஷெட்டுக்குள் விட்டுவிட்டு இறங்கியவர் நேராகப் பின்னால் போனார். டிக்கி மூடியில் கை வைத்தார்.

"இத்த மட்டும் எடுத்துரு பாய்."

வெளுத்த மூடியின் நடுவில் அசல் சிவப்பில் 'ஜெகன்' என்று இருந்தது.

ஜெகன் அவருடைய ஒரே மகன். போன வருஷம் காரை வீட்டில் விட்டுவிட்டு பைக்கில் போனவன்மேல் மணல் லாரி ஏறியது. பத்திரிகையில் அவன் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். காரில் சரியாக இருந்தது.

அந்தப் பெயரை எனக்கு முன்பே தெரியும். கறுப்பு ஸ்டிக்கர் தாளை எங்கள் கடையில்தான் வாங்கினான். ஆள் வைத்து வெட்டிக்கொள் என்றதற்கு, "அவன் ஊருக்கெல்லாம் வெட்டறான். நான் எனக்கு வெட்டிக்கறேன்," என்று எங்கள் கவுன்டரிலேயே பிளேடு வாங்கி உட்கார்ந்தான். 'ஜெ'வுக்குக் கொம்பு, எழுத்தைவிடப் பெரிதாக வந்துவிட்டது. கோயில் ஒலிபெருக்கிக் குழாய் சின்ன எழுத்து ஒன்றைத் துரத்துவது போலிருக்கிறது என்றேன். "ஒட்னா சரியா வந்துரும்," என்றான். ஒட்டியபின் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

"கருமாதி அன்னிக்கு ஸ்டிக்கரப் பிச்சு எறிஞ்சேன்," என்றார் பச்சமுத்து. "பிச்சப்பறம்தான் பேரு பளிச்சுனு கீது. ஸ்டிக்கரு மூடுன எடம் மட்டும் வெளுக்கல. அவன் அம்மா தெனம் நாஷ்டா ஆனதும் அது பக்கத்துல போயி குந்திக்கினு கீறா. பொழுது எறங்கனாதான் உள்ள வரா. சோறு எட்தும்போயி அங்கியே குடுத்தா துன்றா. இது போனாதான் எய்ந்திருப்பா."

"வூட்ல சொல்ட்டீங்களா?" என்றார் மச்சான்.

"பாலிஷுன்னு சொல்லிக்கீறேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். அன்று அவருக்கு முதுகுவலி. முதுகுவலி உண்மைதான். அது வந்த நேரம் மட்டும்தான் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கழுவினேன். ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும் என்பதால் டேப் ஒட்டினேன். ஸ்பாஞ்சை வைத்தேன், பிறகு சுவிட்சு. ஸ்பாஞ்சு சிவப்பாகிக்கொண்டே வந்தது. அப்படித்தான் ஆகும், செத்த பெயிண்ட் அது, பயப்படாதே என்று மச்சான் முன்பே சொல்லியிருந்தார். பச்சமுத்துவிடம் யாரும் சொல்லவில்லை. அவர் ஸ்பாஞ்சைப் பார்த்தார், வெளியே போனார், திரும்பி வந்தார்.

டிக்கி மூடியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். நெடுக்கில் ஒரு முறை, குறுக்கில் ஒரு முறை. துடைத்தபோது பெயர் இருந்தது. மறுபடி மருந்து வைத்தேன். கோடு சுற்றிக்கொண்டிருந்தது, நான் அழுத்தவில்லை.

பெயர் அழிகிற மாதிரியே தெரியவில்லை. அதன் நிறம் குறையவில்லை. சுற்றியிருந்த வெளுப்புதான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சிவந்தது. பிறகு 'ன்' எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. பிறகு 'க'. கொம்புதான் கடைசிவரை நின்றது. ஒரு கட்டத்தில் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், மூடி முழுவதும் அவன் பெயரின் நிறத்துக்கு வந்திருந்தது. பெயர் இல்லை.

பச்சமுத்து வந்து விரலால் தடவினார். கொம்பு இருந்த இடத்திலிருந்து ஆரம்பித்தார். நடுவில் விரல் வழி தெரியாமல் நின்றது.

"சூப்பரா கீது," என்றார். பிறகு, "தம்பி, நீயும் வூடு வரிக்கும் வா. மிஷின்ல தானா பூட்ச்சுன்னு நீ சொல்லு. படிச்ச புள்ள சொன்னா கேப்பா."

அப்போதே அப்பா கடையிலிருந்து குரல் கொடுத்தார்: "படிச்ச புள்ளையா? பரிச்ச எழுதிக்கினே கீறான், வருசக்கணக்கா."

சாலவாக்கத்தில் வீட்டு முன்னால் நெல் காயவைக்கிற களத்து ஓரமாக வண்டியை நிறுத்தினார். பாலிஷுக்கு நாள் குறித்தபோதே நிழலில் நிறுத்தச் சொல்லியிருந்தார் மச்சான், வெயில் பட்டால் மறுபடி வெளுக்கும் என்று. அதற்காகப் பச்சமுத்து முந்தின நாளே கீற்றுப் பந்தல் போட்டு வைத்திருந்தார். வண்டி அதன்கீழ் மணமகன் போல நின்றது.

அவர் மனைவி ஆதிலட்சுமி அம்மாள் வெளியே வந்தார். மெலிந்தவர். கையில் அரிசி கழுவிய ஈரம். முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகப் பின்னால் போய்க் குனிந்தார். தன் முகம் தெரிந்ததோ என்னவோ, சற்று ஒதுங்கிப் பார்த்தார். பிறகு மறுபக்கம் ஒதுங்கிப் பார்த்தார்.

"எங்க பூட்ச்சு?"

பச்சமுத்து என் முதுகில் விரலை வைத்தார்.

"போவலம்மா," என்றேன். "சுத்தி இருந்ததுதான் வெளுத்திருந்துச்சு. அது பேரு நெறத்துக்கு வந்துருச்சு. அதான் தனியா தெரியல."

"அப்ப உள்ளதான் கீறான்."

ஈரக் கையை மூடிமேல் வைத்தார்.

"வெயில்லதான மொதல்ல வந்தான்?" என்றார். "திரும்ப வெயில்ல வெச்சா வருவான் இல்ல?"

பச்சமுத்துவின் விரல் என் முதுகில் அழுத்தியது. பொய் சொல்லச் சொல்கிறதா, உண்மையா என்று விரலில் தெரியவில்லை.

"வராதும்மா. இப்ப எல்லாம் ஒண்ணா வெளுக்கும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ காதர் பாய் புள்ளதான? அந்தப் பரிச்ச பாஸ் ஆகாத புள்ள?"

"ஆமா."

"அதான் தெரியல உனக்கு," என்று முடித்துவிட்டார்.

நான் பஸ்ஸுக்கு நடக்கும்போது பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. கீற்றுப் பந்தலை ஆதிலட்சுமி அம்மாள் ஒவ்வொரு கீற்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். பச்சமுத்து தடுக்கவில்லை. உயரத்தில் கை எட்டாத கீற்றை அவரே பிடுங்கிக் கொடுத்தார்.

அதன்பின் அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோரம்தான் உட்காருவேன். வண்டி களத்தில் மேற்கே முதுகு காட்டி நிற்கும். பக்கத்தில் ஆதிலட்சுமி அம்மாள், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. முன்பாவது ஒரு பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இப்போது வெறும் மூடிக்குப் பக்கத்தில். மாசி முடிந்து பங்குனி வந்தது. வண்டி நான் சொன்னபடியே ஒன்றாக வெளுக்க ஆரம்பித்தது. வாழ்க்கையில் நான் சரியாக எழுதிய ஒரே விடை அதுதான். யாரும் திருத்தவில்லை.

சித்திரையில் பச்சமுத்து கடைக்கு வந்தார். பாலிஷ் பக்கம் பார்க்காமல் கவுன்டரில் நின்றார்.

"கறுப்பு ஸ்டிக்கரு தாளு ஒண்ணு குடு."

எடுத்துக் கொடுத்தேன்.

"இத்த ஒட்டி வெயில்ல வெச்சா, பழையபடி வருமா?"

"வரும். நாளாவும்."

"ஆவட்டும்." பிளேடு கேட்டார். கவுன்டர்மேல் தாளை வைத்துக் கொம்பு போட்டார். வயலில் வரப்பு வெட்டுகிற கை, கோடு நேராகத்தான் வந்தது. அழகான கொம்பு. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது இல்ல," என்றார். "எப்டி இருந்துச்சுனு தெர்ல தம்பி. தெனம் பாத்தேன். பாத்தாலே கோவம் வரும். சரியா பாக்கல."

நான் பிளேடை வாங்கினேன். என் நினைவில் எதுவும் நிற்பதில்லை என்பதற்குப் பல்கலைக்கழகமே சாட்சி. ஆனால் கேலி செய்தது நிற்கும். ஒலிபெருக்கிக் குழாயை முதலில் வெட்டினேன், வாய் அகலமாக. அதற்கு முன்னால் ஓடுகிற சின்ன எழுத்தை வெட்டினேன். 'க'வை வலப்பக்கம் சாய்த்தேன். 'ன்'மேல் புள்ளி சதுரமாக இருந்தது, அவனுக்கு வட்டம் வெட்ட வரவில்லை. மச்சான் ஷெட்டிலிருந்து வந்து பின்னால் நின்றார்.

மூன்று பேரும் சாலவாக்கம் போனோம். ஆதிலட்சுமி அம்மாள் எழுந்திருக்கவில்லை. நான் மூடியைத் துடைத்து எழுத்துகளைத் தாளோடு வைத்துக் காட்டினேன்.

வெகு நேரம் பார்த்தார். "கொம்பு இன்னும் கொஞ்சம் பெருசு," என்றார்.

அங்கேயே மிச்சத் தாளில் கொம்பை மறுபடி வெட்டினேன். ஒட்டினேன். காற்றுக் குமிழ்களைத் துணியால் தள்ளினேன். அழுத்தித்தான் தேய்த்தேன், இதற்கு அழுத்த வேண்டும். வெளுக்க ஆரம்பித்த சிவப்பில் 'ஜெகன்' என்று கறுப்பாக இருந்தது.

"எப்ப பிக்கலாம்?"

"ரெண்டு மூணு வருசம் ஆவும்மா."

"ஆவட்டும். நான் எங்க போவப் போறேன்?" முந்தானையைச் சரிசெய்துகொண்டு அதே இடத்தில் சாய்ந்தார். உச்சிப்பொழுது தாண்டியிருந்தது.

பச்சமுத்து அவரையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூடியைக் காட்டினார். ஆதிலட்சுமி அம்மாளின் தலை நிழல் 'க'மேல் விழுந்திருந்தது.

"நீ இங்க குந்தினா நெழலு வியுது பார். நெழலு பட்ட எடம் வெளுக்காது. பேரு எப்டி வரும்?"

அவர் நிழலைப் பார்த்தார். தலையை அசைத்தார். நிழலும் அசைந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமாவா தம்பி?"

இந்த ஒரு கேள்வி எனக்கு நன்றாகத் தெரியும். "ஆமாம்மா. நெழலு படக்கூடாது."

அவர் இந்த முறை பரீட்சையைப் பற்றிக் கேட்கவில்லை. தரையில் கையை ஊன்றினார். பச்சமுத்து கொடுத்த கையை வேண்டாம் என்றார். எழுந்து, நிழல் மூடியை விட்டு விலகும்வரை பின்னாலேயே நகர்ந்தார். இன்னும் ஒரு அடி. வீட்டு வாசல் வந்துவிட்டது.

"இங்க இருந்தா?"

"இங்க இருந்தா படாது," என்றார் பச்சமுத்து. "உள்ள வா. சோறு ஆறிப் போவுது."

ஆதிலட்சுமி அம்மாள் உள்ளே போனார். நாங்கள் மூவரும் களத்தில் நின்றோம். மச்சான் சட்டென்று என் தோளைப் பிடித்து ஒரு பக்கம் இழுத்தார். என் நிழல் மூடியின் ஓரத்தில் விழுந்திருந்தது.