பந்தலுக்கு ஒரு பொட்டு

1996ஆம் ஆண்டு மாசி மாதத்தில், தொண்டாமுத்தூருக்கு மேற்கே இருக்கும் ஒரு சிற்றூர், தான் ஒயின் நாடு என்பதைத் தெரிந்துகொண்டது. பெங்களூரில் ஒரு கம்பெனி அப்படி முடிவு செய்திருந்தது. ஊரில் ஒயின் குடித்தவர் ஒருவரும் இல்லை. சேதி கொண்டுவந்த பீளமேட்டு விளம்பர ஆபீஸ்காரர் சாமுவேல் மட்டும் சர்ச்சில் ஒரு வாய் குடித்திருந்தார். இருமல் மருந்து போல இருந்தது என்றார்.

கம்பெனியின் திட்டம் எளிமையானது. மண்ணைக் கெடுக்காமல் திராட்சை வளர்க்கும் ஊர் என்று ஒரு புத்தகம் போடுவது. படம் எடுத்துக்கொள்ள ஏற்ற ஏழு இடங்களை அதில் காட்டுவது. வெளிநாட்டு ஒயின் வியாபாரிகளை அழைத்துவந்து அந்த ஏழு இடங்களையும் சுற்றிக்காட்டுவது. புத்தகத்தில் இடம்பெறும் தோட்டங்களின் பழத்தைக் கம்பெனியே வாங்கிக்கொள்ளும்.

முதல் இடம் பழனியாத்தாளின் பன்னீர் திராட்சைத் தோட்டம். நான்கு வருடமாக அங்கே பூச்சிமருந்து அடிக்கவில்லை என்பதைக் கேட்டுக் கம்பெனி நெகிழ்ந்துபோனது. காரணம் கொள்கை அல்ல. மருந்து தெளிக்கும் மிஷினை ஒரு பங்காளி இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் தரவில்லை. பழனியாத்தாள் புளித்த மோரைக் கரைத்து வேப்பங்குழையால் தெளித்து ஒப்பேற்றிவந்தாள்.

அவளுக்கு இந்தப் புத்தகம் வேண்டியிருந்தது. முந்தைய இரண்டு வருடமும் பழுத்த நேரத்தில் மழை பிடித்துப் பழமெல்லாம் வெடித்துவிட்டது. வியாபாரிகள் வருவதை நிறுத்திவிட்டார்கள். இந்த அறுவடையும் போனால் கொடியைப் பிடுங்கிவிட்டுத் தென்னை வைப்பதென்று அவள் கணவர் ஐயாசாமி முடிவு செய்து, அன்னூரில் கன்றுக்கும் சொல்லிவைத்திருந்தார். கொடி அத்தனையும் அவள் கையால் ஊன்றியது.

மழை ஏன் வந்தது என்பதில் பழனியாத்தாளுக்குச் சந்தேகம் இல்லை. முதல் வருடம் ஒரு பேங்க் ஆபீசர் பந்தலுக்குள் நின்று, “பிரமாதம்!” என்றார். அடுத்த வருடம் அவிநாசியிலிருந்து வந்த ஐயாசாமியின் தங்கை, “எத்தாத்தண்டிக் குலைங்க அண்ணி!” என்றாள். இரண்டு முறையும் மறுநாள் மழை.

அதனால், படம் எடுக்கப் போட்டோக்காரர் உமர் பாரூக்கைச் சாமுவேல் அழைத்துவந்தபோது தோட்டத்தில் திராட்சை தெரியவில்லை. பந்தலுக்கு அடியில் ஒரு கல்தூணிலிருந்து மறு கல்தூணுக்குச் சேலைகளும் வேட்டிகளும் கட்டியிருந்தன.

“ஏனுங்க அம்மணி, திராட்சை எங்கீங்க?”

“சேலைக்கு மேல இருக்குதுங்க.”

“பாக்கோணுமில்லீங்க?”

“நீங்க பாருங்க. அந்தப் பொட்டி பாக்கக் கூடாது. நீங்க பாத்தா ஒரு கண்ணு. அது பாத்தா எத்தன ஊருக் கண்ணு?”

சாமுவேல் தலையில் கைவைத்துக்கொண்டார். “அக்கா, திராட்சை இல்லாத திராட்சைத் தோட்டத்த எப்பிடிங்க புஸ்தகத்துல போடறது?”

“சேலையப் போடுங்க. அந்தப் பச்சை எங்க கல்யாணத்துக்கு எடுத்தது.”

“பதினெட்டு வருசமா எனக்கே கட்டிக் காட்டுலீங்க. இன்னிக்குத்தான் பாக்கறேன்” என்றார் ஐயாசாமி.

உமர் பாரூக்குக்குக் கோபம் வரவில்லை. கோட்டைமேட்டில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். குழந்தைகளைப் படம் எடுக்க வரும் தாய்மார்கள், எந்த மதமானாலும், கன்னத்தில் பொட்டு வைக்க மறந்திருந்தால் அவரே மை டப்பாவை எடுத்து நீட்டுவார். அது எப்போதும் அவர் பையில் இருக்கும்.

“எங்களுக்கும் கண்ணூறு உண்டுங்க அம்மணி. எம் மக ரம்ஷாவப் பொட்டு வெக்காம நானே எடுத்ததில்ல. தோட்டத்துக்கும் ஒண்ணு வெச்சுரலாம்.”

“தோட்டத்துக்குக் கன்னம் எங்கீங்க இருக்குது?” என்று ஐயாசாமி கேட்டார்.

உமர் பாரூக் மையைத் தொட்டுக் கேமரா லென்சின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தார். பழனியாத்தாள் கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள். பொட்டு தெரியவில்லை. கண்ணுக்கு வெகு கிட்டத்தில் இருப்பது அப்படித்தான் மறைந்துவிடும் என்று அவர் விளக்கினார்.

“தெரியாத பொட்டு எதுக்குங்க? வர்ற கண்ணு எங்க விழுகும்?”

நியாயம்தான் என்று அவருக்கும் பட்டது. ஐயாசாமி வீட்டுக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவின் கண்ணாடியைக் கழற்றி வந்தார். அதில் பெரிதாக ஒரு பொட்டு வைத்து, கேமராவுக்கு முன்னால் இரண்டு முழம் தள்ளி அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி சாமுவேலிடம் சொன்னார் உமர் பாரூக். இப்போது பொட்டு பளிச்சென்று விழுந்தது. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், குலைகளுக்கு நடுவே.

சேலைகள் அவிழ்க்கப்பட்டன. அன்று முழுவதும் சாமுவேல் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஏழு இடங்களுக்கும் நடந்தார். குளத்துக்கும் பொட்டு விழுந்தது. மலைக்கும் விழுந்தது. எருக்குழியையும் கம்பெனி கேட்டிருந்ததால் அதற்கும் ஒன்று.

“இதையெல்லாம் யாருங்க கண்ணு வெக்கப் போறாங்க?” என்றார் சாமுவேல், எருக்குழிக் கரையில் மூக்கைத் தோளில் புதைத்துக்கொண்டு.

“சொல்ல முடியாதுங்க. நல்ல எருவு” என்றாள் பழனியாத்தாள்.

பங்குனியில் புத்தகம் அச்சாகி வந்தது. வியாபாரிகள் மறுநாள் காலை வருவதாக ஏற்பாடு. இரண்டு அட்டைப்பெட்டிகளுடன் சாமுவேலும் உமர் பாரூக்கும் தோட்டத்துக்கு வந்தார்கள். பழனியாத்தாள் முதல் பக்கத்தைத் திறந்தாள். பந்தல் இருந்தது, குலைகள் மினுமினுத்தன. பொட்டு இல்லை. பெங்களூரில் யாரோ ஓர் ஓவியர், அழுக்கு என்று நினைத்து ஏழு படத்திலும் துடைத்திருந்தார்.

“பொட்ட அழிச்சுப்போட்டாங்களா?”

“நா இன்னும் உசுரோடதான் இருக்கறேன்னு அவுங்களுக்குச் சொல்லுங்க சாமுவேல்” என்றார் ஐயாசாமி.

பழனியாத்தாள் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தாள். மலைப் பக்கம் மேகம் இருந்தது. “நாளைக்கு ஒருத்தரும் தோட்டத்துப் படலைத் தாண்டக் கூடாதுங்க. பொட்டில்லாத படத்தோட வர்ற கண்ணு எனக்கு வேண்டாம்.”

“அக்கா, அவங்க பாக்கலைன்னா கம்பெனி பழத்த எடுக்காதுங்க!”

“பாத்தா எடுக்கறதுக்குப் பழமே இருக்காதுங்க.”

இரண்டுமே சரியாக இருந்தன. உமர் பாரூக்தான் பையிலிருந்து மை டப்பாவை எடுத்தார். நால்வரும் பந்தலடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகத்திலும் தோட்டத்துப் படத்தின் மேல் பொட்டு வைத்தார்கள். மற்ற ஆறு இடங்களும் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். சாமுவேல் அலுத்துப்போய்க் கண்ட இடத்தில் வைக்கத் தொடங்கியபோது உமர் பாரூக் அவர் கையைப் பிடித்தார். “மூணாவது தூணுங்க. ஒரிஜினல்ல எங்க இருந்துச்சோ அங்கதான் வெக்கோணும். தொழில்னா தொழிலுங்க.”

காலையில் வேன் வந்தது. தொப்பி வைத்த ஐந்து வெளிநாட்டுக்காரர்கள், அவர்களுடன் பெங்களூர் மேனேஜர் கோபாலசாமி. வந்தவர்கள் புத்தகத்தையும் இடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே நடந்தார்கள். கல்தூண் இருந்தது, டிக் அடித்தார்கள். வேப்பமரம் இருந்தது, அதற்கும் டிக். பிறகு ஒரு வயதான ஹாலந்துக்காரர் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு, இது எங்கே என்று கேட்டார். மற்ற நால்வரும் தங்கள் புத்தகத்தைப் பார்த்தார்கள். ஐந்திலும், மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், அந்தக் கறுப்பு உருண்டை இருந்தது. தோட்டத்தில் இல்லை.

கோபாலசாமி சாமுவேலை ஓரமாக இழுத்துப்போனார். “அச்சுல வராதது இவங்க புக்ல எப்படிங்க வந்துச்சு?”

“அது வந்துங்க… உள்ளூர் வழக்கங்க.”

“புத்தகத்துல இருக்கறது எடத்துல இல்லைன்னா எல்லாமே பொய்யின்னு எழுதிருவாங்க. மருந்தடிக்கலைங்கறதும் பொய்யின்னு ஆயிரும். அப்பறம் பழத்த எடுக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க.”

பழனியாத்தாள் இதைக் கேட்டாள். வீட்டுப் பின்பக்கம் போனாள். திரும்பி வரும்போது கையில் வெந்நீர்ப் பானை இருந்தது. அவர்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து விறகடுப்பில் இருந்த பானை. அடியும் பக்கமும் கரி ஏறி, வெளிச்சம் பட்டாலும் திரும்பி வராத கறுப்பு. மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் கம்பியில் கயிறு போட்டு, அதைத் தலைகீழாகக் கட்டினாள்.

ஹாலந்துக்காரர் புத்தகத்தைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். நீண்ட மூச்சு விட்டு டிக் அடித்தார்.

அதற்குப் பிறகு அவர்களை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. பானைக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் தரையில் படுத்து எடுத்தார். இதில்தான் ஒயின் புளிக்கவைப்பதா என்று ஒரு அம்மாள் கேட்டதற்கு, “நா குளிக்கறதுங்க” என்று ஐயாசாமி சொன்னதைக் கோபாலசாமி மொழிபெயர்க்கவில்லை. தலைக்கு ஒரு சாண் மேலே பன்னீர் திராட்சை குலைகுலையாகத் தொங்கியது. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஐயாசாமிக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, தலைக்கு மேல…”

“சும்மா இருங்க!” என்று பல்லைக் கடித்தாள் பழனியாத்தாள்.

மழை வரவில்லை. மேகம் மலையைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் போய்விட்டது. ஒரு பழமும் வெடிக்கவில்லை. அந்த வாரமே அறுப்பு முடிந்து, ஒரு காலை வெயில் ஏறுவதற்குள் பழத்தை ஏற்றிக்கொண்டு கம்பெனி லாரி கிளம்பியது. கோபாலசாமி தயங்கி நின்று, வந்தவர்கள் எல்லோரும் பானையைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள், ஆபீஸ் வாசலில் மாட்ட அதைக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். பழனியாத்தாள் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஐயாசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு வந்தார். “அறுப்புத்தான் முடிஞ்சுதே. பானைய எறக்கிக் குடு புள்ள. பச்சத்தண்ணியில குளிச்சு ஒடம்பெல்லாம் வலிக்குது.”

“அது அங்கயே இருக்கட்டுங்க. வேற பானை வாங்கிக்கலாம்.”

“அன்னூர்ல தென்னங்கன்னுக்குச் சொல்லியிருந்தது?”

“வேண்டாம்னு சொல்லிப்போடுங்க.”

அவர் தலையாட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். பழனியாத்தாள் பானையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அத்தனை பேர் அதை வியந்துவிட்டுப் போயிருந்தார்கள். வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பு டப்பாவை எடுத்து, விரலில் தொட்டு, பானையின் கரிக் கன்னத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்தாள்.