தகரப் பார்

பெரிய மார்க்கெட்டில் காலைக் கூட்டம் கலைந்த பிறகு மீன்காரிகளுக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில்தான் பக்கத்துக் கடை ஆயம்மா தன் செல்போனைச் சுலோசனாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இத்தப் பாருடீ. அந்த ஏரோப்ளேன் உள்ள கெடந்துச்சாம். யாருதுன்னு போலீசு குப்பம் குப்பமா காட்டிக்கினு வருது."

சுலோசனா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். நீலப் படுதாமேல் ஒரு வெள்ளி அரைஞாண் கொடி கிடந்தது. கறுத்துப்போயிருந்தது. நடுவில் ஓர் இடத்தில் அறுந்து, செம்புக் கம்பியால் முறுக்கிச் சேர்த்திருந்தது.

அந்தக் கம்பியை முறுக்கியது அவள்தான். எரிந்துபோன மின்விசிறியிலிருந்து உருவிய கம்பி. "பத்தர்கிட்ட குடுத்தா பத்த வச்சுத் தருவாரும்மா, நீ எதுக்குக் கையக் கிழிச்சிக்கிற" என்று மகன் இளம்பரிதி சிரித்தான். அன்றைக்குக் கட்டைவிரலில் குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. ஒன்றரை வருடமாக அவன் இல்லை.

"இது எங்க கெடந்துச்சுன்ன?"

"அதான் சொன்னேனே, ப்ளேன் உள்ளன்னு. பழைய எலும்புங்களோட புதுசா ஒரு ஆளும் இருந்துச்சாம்."

சுலோசனா வஞ்சிரத்தையும் தராசையும் போட்டது போட்டபடி எழுந்து நடந்தாள். பின்னால் ஆயம்மா கத்தியது அவள் காதில் ஏறவில்லை.

மூன்று வாரமாக ஊரில் இதே பேச்சுதான். வெளியூர் விசைப்படகு ஒன்றின் இழுவலையில் ஆள் உயரத்துக்கு மேலான ஒரு விசிறி மாட்டி வந்தது. விமானத்தின் விசிறி. துறைமுகத்தில் இறக்கி வைத்ததும் திருவிழாக் கூட்டம் கூடிவிட்டது. பிறகு டெல்லியிலிருந்து ஆள் வந்தார்கள், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், முக்குளிக்கிறவர்கள் கடலுக்குள் போனார்கள். எண்பது வருடத்துக்கு முன்னால், உலகப் போரில், பர்மாவில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது காணாமல் போன விமானமாம். அதில் ஏழு பேர். எங்கே விழுந்தார்கள், என்ன ஆனார்கள் என்று இத்தனை காலம் எவருக்குமே தெரியாது என்று டிவியில் உருக்கமாகச் சொன்னார்கள்.

எவருக்குமே தெரியாது என்பது சுத்தப் பொய். வடக்குக் குப்பத்துக்குத் தெரியும்.

அந்தக் குப்பத்துக்காரர்களுக்கு அந்த இடத்தின் பெயர் தகரப் பார். கடலடியில் பாறை கிடந்து மீன் அடைகிற இடத்தைப் பார் என்பார்கள். இங்கே பாறைக்குப் பதில் தகரம், அவ்வளவுதான். கொடுவாவும் சங்கராவும் அங்கே குடியிருந்தன. மற்ற குப்பத்தார் வெறும் வலையோடு திரும்பும் நாளிலும் இவர்கள் மட்டும் கூடை நிறையக் கொண்டுவருவார்கள். மாதா கோயில் கோபுரத்தையும் லைட் ஹவுசையும் எப்படிச் சேர்த்துப் பார்த்தால் படகு சரியாகப் பார்மேல் நிற்கும் என்பதை அப்பன் மகனுக்கு மட்டும் சொல்லுவான். ஜிபிஎஸ் வந்த பிறகும் அந்த இடத்தை மட்டும் கருவியில் பதியக் கூடாது என்பது பஞ்சாயத்துக் கட்டுப்பாடு. கருவியை எவனாவது திருடிவிட்டால்? மாப்பிள்ளை எடுத்த குப்பத்திலும் மூச்சு விட்டதில்லை. அதற்குள் ஆள் செத்துக் கிடக்கிறான் என்பதும் ஊருக்குத் தெரியும். தெரிந்துதான் வலை போட்டார்கள், தகரத்தைப் பேர்த்து விற்றார்கள். விசிறி மேலே வந்த அன்று பஞ்சாயத்துத் தலைவர் கலியபெருமாள், "அட, நம்ம கடல்லயா இது கெடந்துச்சு!" என்று கேமரா முன்னால் மூக்கின்மேல் விரல் வைத்தார். கூத்தில் வேஷம் கட்டியிருக்க வேண்டிய மனிதர்.

சுலோசனாவுக்கும் தகரப் பாரைத் தெரியும், அந்தக் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட எல்லாப் பெண்களுக்கும் தெரிகிற மாதிரி. ஆனால் அவள் மகன் கடலில் முழுகிப் போனது அங்கே இல்லை. தெற்கே, சுண்ணாம்பாற்று முகத்துவாரத்துக்கும் அப்பால். அப்படித்தான் அவள் புருஷன் தெய்வநாயகம் போலீசில் சொன்னான். அப்படித்தான் அவளிடமும் சொன்னான்.

கரைக்கு வந்தபோது சாமிக்கண்ணு படகு நிழலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். தெய்வநாயகத்தின் சித்தப்பா மகன். அன்றைக்குப் படகில் போனது மூன்றே பேர்: அப்பன், மகன், இவன்.

"சாமிக்கண்ணு, என் புள்ள எங்க முழுவினான்?"

அவன் தலையைத் தூக்கவில்லை.

"அண்ணி, அண்ணன் வந்துரட்டும்..."

"உன்னத்தான் கேக்கறேன். எங்கடா?"

சாமிக்கண்ணுவின் கையிலிருந்த ஊசி நின்றது. "தகரப் பார்ல, அண்ணி" என்று சொல்லிவிட்டு, அத்தனை பெரிய ஆம்பிளை, குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான்.

வலை தகரத்தில் மாட்டிக்கொண்டது. புது வலை. எட்டுப் பாகம், எட்டு ஆள் ஆழம்தானே என்று இளம்பரிதி கத்தியைக் கடித்துக்கொண்டு இறங்கினான். இரண்டு முறை மேலே வந்து மூச்சு வாங்கினான். மூன்றாவது முறை வரவில்லை. சாமிக்கண்ணு இறங்கித் தேடினான், கலங்கலில் தன் கையே தெரியவில்லை. கரைக்கு வந்து பஞ்சாயத்தில் சொன்னார்கள். நிஜ இடத்தைச் சொன்னால் கோஸ்ட் கார்டு கப்பல் பார்மேல் வந்து நிற்கும், கடற்கரை பூராவுக்கும் தெரிந்துவிடும், ஊர் அடுப்பு அணைந்துவிடும், நம்ம பிள்ளையை நாமே எடுப்போம் என்றார் கலியபெருமாள். அண்ணன் தலையாட்டினார்.

"எடுத்தீங்களா?"

"ரெண்டு நாளு முழுவினோம் அண்ணி. அப்புறம் கடல் எழும்பிச்சு."

அந்த நாட்களில் கோஸ்ட் கார்டு படகு தெற்கே தேடிக்கொண்டிருந்தது. சுலோசனா அங்கேயே முகத்துவார மணலில் சோறு தண்ணியில்லாமல் நின்றாள். தூரத்தில் பாசி மிதந்தால்கூட ஓடினாள். அதற்குப் பிறகு ஒவ்வோர் அமாவாசைக்கும் அங்கே போய்ப் பால் ஊற்றினாள். பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தவன் தெய்வநாயகம்.

வீட்டில் அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"யோவ், போலீசு அந்தப் படத்த உன்கிட்டயும் காட்டிச்சா?"

அவன் கை தட்டிலேயே இருந்தது. "காட்டிச்சு."

"இன்னா சொன்ன?"

"நம்மளுது இல்லன்னேன்."

அடி வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது அவளுக்கு. அழுகை இல்லை அது.

"நான் இன்னா பண்ணட்டும் சுலோ? பொய் சொல்லி எழுதிக் குடுத்திருக்கு. தகரத்தப் பேத்து வித்ததுக்கு வேற கேசு வரும்ன்றாரு தலைவரு. ஊர உட்டுத் தள்ளி வச்சிருவாங்க. அவன் போனவன் போயிட்டான். எலும்பு வந்து இன்னா ஆவப்போவுது?"

"அப்ப அநாதப் பொணம்னு முனிசிபாலிட்டிக்காரன் பொதைக்கட்டுமா?"

அவன் சோற்றைப் பிசைந்தான். முப்பது வருடம் குடித்தனம் நடத்திய மனிதன், அவள் அவனைக் கோழை என்று ஒருநாளும் நினைத்ததில்லை. புயலில் படகு கவிழ்ந்து, ராத்திரி முழுக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு கிடந்து கரை சேர்ந்தவன் அவன். அவனுக்குக் கடல் பயமில்லை, ஊர்தான் பயம் என்று இப்போது தெரிந்துகொண்டாள்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனாள். பெண்டாட்டியைத் தனியே விட்டால் என்ன உளறுவாளோ என்று தெய்வநாயகமும் வந்தான். அவனைத் தனியே விட்டால் என்ன உளறுவானோ என்று கலியபெருமாளும் வந்தார்.

வராந்தாவில் இன்ஸ்பெக்டர் அன்பழகன் சிவப்புக் கெப்பித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நரைத்த முடியோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள், விமானத்தில் செத்தவர்களைத் தேடி வந்த குழுவின் தலைவி. அவள் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள்.

சுலோசனா கொடியைப் பார்க்க வேண்டும் என்றாள். காட்டினார்கள். கம்பியை ஒருதரம் தடவிப் பார்த்தாள். தன் பிள்ளை எப்படிக் கிடந்தான் என்று கேட்டாள்.

வெள்ளைக்கார அம்மாள் மழுப்பாமல் சொன்னாள். வலைக்கயிறு கையில் சுற்றியிருந்தது. உடைந்த இடுக்கு வழியாக உடம்பு பாதி உள்ளே போயிருந்தது. உள்ளே ஐந்து பேருடைய எலும்புகள், இடுப்பில் பூட்டிய வாரோடு, இருக்கையிலேயே. பின் கதவு திறந்திருந்தது, இரண்டு பேர் வெளியே வந்திருக்கலாம். கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் நீந்தியிருப்பார்கள். அவர்கள் கிடைக்கவே இல்லை.

"அவங்களப் பெத்தவங்க?" என்றாள் சுலோசனா.

ஒருத்தரும் உயிரோடு இல்லை என்றாள் அந்த அம்மாள். அதில் ஒரு தாய், என் பிள்ளை எந்தக் கடலில் கிடக்கிறான் என்று சாகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாளாம். பர்மா பக்கம் என்று சர்க்கார் பதில் சொன்னதாம். கிழவி காசு சேர்த்து, கப்பலேறி, பர்மாக் கடலில் பூப் போட்டுவிட்டு வந்தாளாம்.

 அந்தக் கிழவியின் பெயர்கூடச் சுலோசனாவுக்குத் தெரியாது. ஆனாலும் கூடப்பிறந்தவளைப் பற்றிக் கேள்விப்பட்ட மாதிரி இருந்தது. கிழவி பர்மாவில் பூப் போட்ட அன்றைக்கு இந்தக் குப்பத்தில் யாரோ அவள் மகன்மேல் வலை இறக்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

"விமானம் அங்கே கிடப்பது உங்கள் ஊரில் யாருக்காவது முன்பே தெரியுமா என்று கேட்கிறார்" என்றாள் தமிழ்ப் பெண்.

"ஒருத்தருக்கும் தெரியாதும்மா. சத்தியமா" என்றார் கலியபெருமாள்.

இன்ஸ்பெக்டர் தெய்வநாயகத்தின் பக்கம் திரும்பினார். "உங்க பையன் எங்க முழுகினான்? யோசிச்சுச் சொல்லுங்க."

சுலோசனா புருஷன் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு இன்னும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிட்டால் எல்லாவற்றையும் மறந்துவிடுகிறேன், கடல் தாயே, இவன் வாயைத் திற என்று வேண்டிக்கொண்டாள். தெய்வநாயகம் கலியபெருமாளை ஒருதரம் பார்த்தான்.

"சுண்ணாம்பாத்து மொகத்துக்குத் தெக்கங்க" என்றான்.

சுலோசனா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு இன்ஸ்பெக்டருக்கு எதிரே வந்து நின்றாள்.

"ரத்தம் எடுத்துப் பாத்தா தெரியுமாமே சார்? என்னுது மட்டும் போதுமா, அப்பனுதும் வேணுமா?"

"அம்மாவுது போதும்."

"எடுங்க." கையை நீட்டிக்கொண்டே தமிழ்ப் பெண்ணிடம் திரும்பினாள். "அந்த அம்மாகிட்ட சொல்லும்மா. தெரியும். எங்க மாமனாரு காலத்துலேர்ந்து தெரியும். எங்க ஊட்டு அகப்பையே அந்தத் தகரத்துல அடிச்சதுதான். அதுல எம்புள்ளைக்குச் சோறு போட்டிருக்கேன். அந்த அஞ்சு பேத்தயும் வச்சுத்தான் நாங்க பொழச்சோம். சொல்லு."

கலியபெருமாள், "பைத்தியம் சார் இது, புள்ள போனதுலேர்ந்து" என்றார். இன்ஸ்பெக்டர் அவரை உட்காரச் சொன்னார், மரியாதையாக இல்லை.

ஊர் அவளைத் தள்ளித்தான் வைத்தது. கரையில் ஏலத்தில் ஒரு கூடைகூட அவளுக்கு விழவில்லை. அவள் துறைமுகத்துக்குப் போய் மீன் எடுத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனாள். தெய்வநாயகத்துக்குச் சோறு பொங்கி வைத்தாள், பேசவில்லை. பார்மேல் இப்போது ஐந்து ஊர்ப் படகுகள் மொய்த்தன. எதைக் காப்பாற்ற வாயை மூடினார்களோ அது எப்போதோ போய்விட்டிருந்தது. ஆனாலும் ஊருக்குக் கோபம் அவள்மேல்தான்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர மழைக்காலம் ஆகிவிட்டது. விமானத்துக்காரர்கள் ஐந்து பேரும் அவர்கள் நாட்டுக் கொடி போர்த்திய பெட்டிகளில் போலீஸ் வண்டியில் போனார்கள். ஊதுகுழல் ஊதினார்கள். இளம்பரிதி வெள்ளைத் துணி சுற்றிய ஒரு சின்னப் பெட்டியில், அம்மா மடியில், ஆட்டோவில் வந்தான்.

என்ன இருந்தாலும் பிணம் என்று வந்துவிட்டால் குப்பத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. ஒவ்வொருவராக இடுகாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். சாமிக்கண்ணு குழி வெட்டினான். கல்யாணமாகாத பிள்ளை, அப்பன்தான் முதல் மண் போட வேண்டும். பெட்டியை இறக்கிய பிறகு கலியபெருமாள் கண் காட்டினார். தெய்வநாயகம் தலையில் துண்டோடு முன்னால் வந்தான். முகம் அழுது வீங்கியிருந்தது. அந்த அழுகை பொய் இல்லை, அது சுலோசனாவுக்கும் தெரியும். குனிந்து ஒரு கை மண் அள்ளினான்.

அவள் குழிக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"இது யாரு புள்ளையோ" என்றாள். கத்தவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "உன் புள்ள சுண்ணாம்பாத்து மொகத்துக்குத் தெக்க இருக்கான். அங்க போயி மண்ணு போடு."

ஒருவரும் அவளை விலக்க முன்வரவில்லை.  தெய்வநாயகம் மூடிய கையோடு அப்படியே நின்றான். சுலோசனா திரும்பி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணைத் தள்ள ஆரம்பித்தாள்.