ஆசைச்சோறு

துறையூருக்கு அப்பால் மலைமேல் இருந்த சேம்பூரில் நோயாளிக்குக் கஞ்சிதான். எத்தனை நாள் படுத்துக் கிடந்தாலும் கஞ்சிதான். இனித் தேறாது என்று தெரிந்துவிட்டால் மட்டும் வீட்டில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வாய்க்கு என்ன வேணும்?" என்று சிரித்த முகமாகக் கேட்பார். கேட்டதைக் கொடுப்பார்கள். அதற்கு ஆசைச்சோறு என்று பெயர். சாவு என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. சோறு வந்தால் படுத்திருப்பவருக்கே புரிந்துவிடும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கீழே உயிர் விட்டவர்களின் உடலை மலைக்கு ஏற்றமாட்டார்கள். நோயோடு கீழே போனவர், ஊர் எல்லைக் கல்லைத் தன் காலால் நடந்து தாண்டினால்தான் செத்த பிறகு பெரியவர்கள் பக்கத்தில் குழி. இல்லாவிட்டால் அடிவாரத்தில் நாதியற்றுக் கிடக்க வேண்டியதுதான். யாரோ என்றைக்கோ வைத்த சட்டம். ஆனால் அதை மீற அந்த ஊரில் யாருக்கும் நெஞ்சுரம் இல்லை.

வீரமலையின் பெண்டாட்டி மயிலம்மாள் வயிற்றுவலியில் துடியாய்த் துடித்தபோது, வேறு வழியில்லாமல் தூளி கட்டிக் கீழே இறக்கினார்கள். வீரமலையின் மாமியார் காளியாயி எல்லைக் கல்வரை ஓடி வந்தாள்.

"எம் மகளைக் கீழ விட்டுட்டு வந்துடாதே தம்பி" என்று மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவனும் தலையாட்டினான்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் மயிலம்மாளின் வயிற்றைக் கிழித்துத் தைத்தார்கள். பிறகு கஞ்சித் தண்ணீர் கொடுத்தார்கள். கஞ்சியைப் பார்த்ததும் வீரமலைக்குத் தெம்பு வந்தது. நம் ஊர் மாதிரிதான் இங்கேயும் என்று நினைத்துக்கொண்டான். அந்த நினைப்புத்தான் குடியைக் கெடுத்தது.

ஒரு மத்தியானம் நர்ஸ் அமலராணி தட்டில் சோறும் ரசமும் கொண்டுவந்தாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

"இன்னையிலேருந்து சோறு சாப்பிடலாம்மா. வாய்க்கு வேற என்ன வேணும்? சொல்லுங்க, ஐயா வாங்கியாந்து குடுப்பாரு. இனிமே ஒரு கவலையும் இல்லை."

வீரமலைக்கு ஆசைச்சோறுதான் ஞாபகம் வந்தது. ஊரிலும் அந்தச் சோற்றை வைப்பவர் சிரித்துக்கொண்டேதான் வைப்பார். கவலையில்லை என்றுதான் சொல்வார். மயிலம்மாள் தட்டைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ரஸ்தாளிப்பழம்" என்றாள் மெதுவாக.

வாங்கி வந்து உரித்துக் கொடுத்தான். பாதி தின்றுவிட்டு மீதியை அவன் கையிலேயே வைத்தாள்.

"நம்ம கல்லைத் தாண்டிடணுங்க."

"தாண்டிடலாம் புள்ள."

நர்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாவைப் பற்றி வாய்விட்டுக் கேட்டுப் பழகாத மனிதன் எப்படிக் கேட்பான்?

நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போகும் கூட்டத்தோடு அவளையும் நடத்திக் கூட்டிவந்துவிட்டான். ஆஸ்பத்திரிக் கம்பளி அவள் மேலேயே இருந்தது. பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரம் தெரிந்தபோது அவன் கும்பிட்டான். ரோட்டுப் பள்ளங்களில் பஸ் தூக்கிப் போட்ட போதெல்லாம் மயிலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு வயிற்றை அமுக்கிப் பிடித்தாள்.

அடிவாரச் சந்தைக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் தூளி கட்டித் தூக்கினார்கள். எல்லைக் கல்லுக்கு முன்னால் இறக்கிவிட்டு விலகி நின்றார்கள். யாரும் தொடக்கூடாது. மயிலம்மாள் நடந்தாள். கல்லைத் தாண்டித் திரும்பிப் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் பார்த்த சிரிப்புகளில் அதுதான் அழகு. சேலை வயிற்றருகே சிவந்து நனைந்திருந்ததை அவன் அப்புறம்தான் கவனித்தான்.

தையல் பிரிந்து காய்ச்சல் கண்டு, அந்த வாரமே அவள் போய்ச் சேர்ந்தாள். அவள் அப்பன் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். புருஷன் என்றால் இவனல்லவா புருஷன் என்று ஊரே பேசியது. வீரமலைக்கும் அழுகைக்கு நடுவில் ஒரு நிம்மதி இருந்தது.

கருமாதி முடிந்ததும் கம்பளியைத் துவைத்து எடுத்துக்கொண்டு புத்தூருக்குப் போனான். ஊரான் பொருள் வீட்டில் கிடக்கலாமா?

அமலராணி அவனைக் கண்டதும் கோபித்துக்கொண்டாள்.

"சொல்லாம கொள்ளாம கூட்டிட்டுப் போயிட்டீங்களே. ரெண்டு நாள் பொறுத்திருந்தா தையலைப் பிரிச்சு நாங்களே அனுப்பியிருப்போம்ல?"

"கஞ்சிய நிறுத்தினீங்களேம்மா."

"தேறிட்டாங்க, அதான் நிறுத்தினோம். தேறாதவங்களுக்கு யாராவது சோறு போடுவாங்களா?" என்று சிரித்தாள். "அதை விடுங்க. இப்ப எப்படி இருக்காங்க?"

வீரமலை கம்பளியை மேஜைமேல் வைத்தான். விரல்கள் அதை விடமாட்டேன் என்றன.

"நல்லாயிருக்கா" என்றான்.

மலையேறி வந்தபோது எல்லைக் கல்லருகே காளியாயி சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுமையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"கம்பளியக் குடுத்திட்டியா தம்பி? நல்லது. சொன்ன சொல்லக் காப்பாத்தினே. எம் மகளை அவ அப்பன்கிட்டக் கொண்டாந்து சேத்துட்டே. நீ இல்லாட்டி அவ கதி என்ன?"

இரண்டு கையையும் எடுத்து மருமகனைக் கும்பிட்டாள். அந்தக் கும்பிட்டை வாங்கிக்கொண்டு அவன் கல்லைத் தாண்டாமல் இந்தப் பக்கமே நின்றான்.